ரெண்டு கிளிக் வேம்புலி

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த திருவேங்கடம், தொண்ணூற்றாறாம் வருடம் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி இறக்கி, பெயர்ப்பலகையில் ‘டி.டி.பி. சென்டர்’ என்று ஒரு வரி கூட்டி எழுதினார். அன்றிலிருந்து ஊரில் அவருக்கு விஞ்ஞானி மரியாதை. அந்த மெஷினை அவர் தொட்டது ஆயுத பூஜையன்று சந்தனம் வைக்க மட்டும்தான். அதுவும் ஷாக் அடிக்குமோ என்று ஒற்றை விரலால். மற்ற முந்நூற்று அறுபத்து நாலு நாளும் அதைத் தொடும் பாக்கியம் வேம்புலிக்கு.

வேம்புலி பக்கத்து ஊரான நூம்பல்காரன். அப்பா காலம் முழுக்க அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு வரப்பு அண்டை வெட்டியவர். வேம்புலி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் பதினோரு வருடம் சீட்டு எழுதினான். ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போனால் கேட்டில் ஒரு பூட்டும், பூட்டுக்கு மேலே ஒரு நோட்டீசும் தொங்கின. வேலை போனதைக்கூட அவன் ஒருவாறு ஜீரணித்துவிட்டான். நோட்டீசை டைப் அடித்தவன் வரி நேராக வராமல் அடித்திருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. தமிழ்த் தட்டச்சில் லோயர் பாஸ் செய்தவன் அல்லவா! அந்த லோயர் பாஸ்தான் முப்பத்தெட்டு வயதில் அவனைக் கொண்டுவந்து திருவேங்கடத்தின் கம்ப்யூட்டர் முன்னால் குந்தவைத்தது.

கல்யாணப் பத்திரிகை, காது குத்து, கடை திறப்பு எல்லாம் வரும். ஆனால் கடை ஓடியது கண்ணீர் அஞ்சலி போஸ்டரில். அந்தப் பக்கத்தில் ஒருவர் இறந்தால், உடல் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் சுவரில் போஸ்டர் ஏறியாக வேண்டும். இறந்தவருக்கு அவசரம் இல்லை. அவர் படத்துக்குக் கீழே பெயர் போட்டுக்கொள்ளும் இருபத்தேழு பேருக்குத்தான் அவசரம். யார் பெயர் முதலில், யார் பெயர் கொட்டை எழுத்தில் என்று கடை வாசலிலேயே ஒரு கைகலப்பு முடிந்து, அது சமாதானமாகி, பட்டியல் உள்ளே வருவதற்குள் வேம்புலி படத்தையும் ‘கண்ணீர் அஞ்சலி’யையும் ‘தோற்றம், மறைவு’ இரண்டையும் தயாராக வைத்திருப்பான்.

“எவன் செத்தாலும் நம்மகிட்ட ரெண்டு கிளிக்குதான் மொதலாளி” என்பான்.

அதனால் அவனுக்கு ரெண்டு கிளிக் வேம்புலி என்றே பெயர் வந்துவிட்டது. துக்க வீட்டுக்காரர்கள்கூட, “ரெண்டு கிளிக்கு கீறாராப்பா?” என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்கள்.

ஆனால் கம்ப்யூட்டரைப் போட்டதும் தெரியும் முதல் திரை இருக்கிறதே, அது பார்க்கச் சகிக்காது. சின்னச் சின்னப் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர், நூற்று நாற்பத்து மூன்று. திங்கட்கிழமை காலை ரேஷன் கடை வாசல் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. அந்தக் கூட்டத்தில் நூற்று நாற்பத்திரண்டு வாடிக்கையாளர்களுடையவை. ஒன்றே ஒன்று வேம்புலியுடையது. மற்றவை அத்தனையும் ஒரே நாளில் அழிந்து போயிருந்தாலும் அவன் ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி அடித்துத் தந்திருப்பான்.

இத்தனையையும் ஏன் வெளியே பரப்பிவைத்தான் என்று கேட்கலாம். அடுக்கி உள்ளே வைக்கத்தான் பார்த்தான். ஊர் விட்டால்தானே! கட்சிக்காரர் ஒருவர் போன மாதம் அடித்த போஸ்டரில் தேதி மட்டும் மாற்ற வருவார். திரையைப் பார்ப்பார். முகம் சுருங்கும்.

“எங்க அண்ணன் எங்கய்யா?”

“உள்ள பத்திரமா கீறாரு.”

“உள்ளயா? அந்த எதிர்க்கட்சிக்காரன் மட்டும் வெளிய ஜம்முனு குந்திகினு கீறான், எங்க அண்ணன் உள்ளயா? இன்னாய்யா டபாய்க்கிறே?”

அண்ணன் வெளியே வருவார். அந்த எதிர்க்கட்சிக்காரருக்கு ஒரு வரிசை மேலேயே வருவார்.

இறந்தவர்களையாவது எடுக்கலாம் என்றால், அதற்கு அந்தத் திரையில் இருந்தது குப்பைத் தொட்டி. ஒரு மனிதனின் பெயரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் குப்பைத் தொட்டியில் போட வேம்புலிக்கு மனசு வராது. “பதினாறு கழியட்டும்” என்பான். பதினாறு கழிந்தால், முதலாமாண்டு நினைவஞ்சலிக்கு வருவார்களே என்று தோன்றும்.

அம்பத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து மெஷினைப் பார்த்துவிட்டுப் போகும் சர்வீஸ்காரர் ஜானகிராமன் முதல் தடவை இந்தத் திரையைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்து நின்றார்.

“யோவ், இது டெஸ்க்டாப்பா, கூவமா?”

அவர்தான் எல்லாவற்றையும் உள்ளே இடம் பார்த்து வைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் வெளியே ஒரு ஷார்ட்கட் போட்டுக்கொடுத்தார். இனிமேல் புதிதாக எது செய்தாலும் உள்ளே வைத்துவிட்டு, மவுஸின் வலது பட்டனை அமுக்கி, வெளியே இழுத்து விட்டு, ஷார்ட்கட் என்ற வரியைத் தட்டிவிட வேண்டும் என்று சொல்லித் தந்தார். வேம்புலி அதை மந்திரம் போல மனப்பாடம் செய்தான். உள்ளே இருப்பதை வெளியே இழுத்து விடுகிறோம், ஆள் வெளியே வந்து நிற்கிறார், தட்டினால் திறக்கிறார். அவனுக்குப் புரிந்தது அவ்வளவுதான். படத்தின் மூலையில் புதிதாக ஒரு குட்டி அம்புக்குறி முளைத்திருந்தது. ‘ஓடத் தயார்’ என்று அர்த்தம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டான். ஜானகிராமனும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் விஷயத்தைப் பற்றி யார் கேள்வி கேட்பார்கள்?

இப்போது அந்த ஒன்றுக்கு வருவோம்.

வேம்புலியின் மனைவி வடிவு வானகரத்துப் பக்கம் ஒரு துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டும் வேலை செய்தாள். காலையில் உள்ளே போகும்போது கேட்டில் பெரிய பதிவேடு இருக்கும். கையெழுத்துப் போடுகிறவர்கள் ஒரு வரிசை. கைநாட்டு வைக்கிறவர்கள் இன்னொரு வரிசை, நீல மைப்பெட்டியோடு. “கைநாட்டுங்கல்லாம் அந்தாண்ட” என்று சூப்பர்வைசர் அம்மாள் தினம் ஒரு தடவை சத்தம் போடுவாள். அந்த நீலத்தை வடிவு தலைமுடியில் துடைத்துக்கொண்டு உள்ளே போவாள். கல்யாணமாகிப் பதினான்கு வருடம். பிள்ளை இல்லை. வேம்புலி அவளுக்குப் பெயர் எழுதக் கற்றுக்கொடுக்க நாலைந்து தடவை முயன்று, ஒவ்வொரு தடவையும் ஒரு பென்சிலைத் தொலைத்ததுதான் மிச்சம்.

“பென்சிலப் புடிச்சா விரலு நண்டு மாதிரி கோணிக்குதுய்யா. உட்டுடு. கட்டைவிரல் நல்லாத்தானே கீது, அதுக்கு இன்னா கொறச்சல்?”

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு, இவனுக்கு இல்லை. மத்தியானம் சோறு எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வருவாள். அந்த நேரத்தில் திருவேங்கடம் வீட்டுக்குச் சாப்பிடப் போய், ஒரு தூக்கமும் போட்டுவிட்டுத்தான் திரும்புவார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேம்புலி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வடிவு சும்மா இருக்காமல் மவுஸை நகர்த்திப் பார்த்தாள். படம் போடும் பக்கம் திறந்திருந்தது. சிவப்பாக ஒரு கோடு ஓடியது.

“ஐய, இன்னாய்யா இது, கலீஜ் பண்ணிட்டேனா?”

“ஒண்ணும் ஆவாது. தேய்.”

“தேய்க்கிறதா?”

“ஊட்ட மெழுகுவியே, அப்படி. மெழுகு.”

பேனாவைப் பிடிக்கத்தான் அவளுக்குக் கூச்சம். இது பேனா இல்லையே. மெழுகுகிற கை அவளிடம் இருந்தது. உள்ளங்கை முழுவதையும் மவுஸ் மேல் கவிழ்த்து, முழங்கையோடு சேர்த்துச் சுழற்றினாள். வேம்புலி எச்சில் கையோடு பின்னால் நின்று சொல்லச் சொல்ல, ஒரு ‘வ’ வந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்த சொம்பு மாதிரி. அடுத்த ஞாயிறு ‘டி’. அதற்கு மேலே போடும் வளைவு எழுத்தை விட்டு எங்கோ தூரத்தில் போய் நின்றது. “தொப்பி பறந்துடுச்சு” என்று அவளே சிரித்தாள். ‘வு’வின் வால் திரைக்குக் கீழே இறங்கி ஓடியது. ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. ஐந்தாவது ஞாயிறு மூன்று எழுத்தும் ஒரே வரியில், ஏறக்குறைய ஒரே வரியில், நின்றன.

“இத்த யார்னா பாத்தா என் பேருன்னு தெரியுமாய்யா?”

“ஏன் தெரியாது?”

“நீ சொல்லுவே. நீ கட்டிகினவன்.”

அந்த நேரம் பார்த்துத் திருவேங்கடம் தூக்கக் கலக்கத்தோடு கடைக்குள் வந்தார். திரையைப் பார்த்தார். பழக்கதோஷம், வாய்விட்டுப் படித்தார்.

“வடிவு... யாருய்யா அது? எப்ப செத்தாங்க?”

வடிவு வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள். “அவுரு படிச்சிட்டாருய்யா! யாரும் சொல்லாமயே படிச்சிட்டாரு!” என்று வேம்புலியின் தோளில் அடித்தாள். திருவேங்கடத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காத விஷயங்களில் அவர் வழக்கமாகச் செய்வதைப் போல ஃபேனைக் கூட்டி வைத்தார்.

“பிரிண்ட் எடுத்துத் தரேன். கம்பெனில காட்டு” என்றான் வேம்புலி.

“வேணாம். பேப்பர்ல எட்த்துகினு போனா, ‘எங்க, பேனாவுல போடு’ம்பாளுங்க. நான் பேனாவுல கத்துகினப்புறம் எடு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கலாம்.”

வேம்புலி அதை உள்ளே வைத்து, வலது பட்டனை அமுக்கி, வெளியே இழுத்து விட்டு, மந்திரத்தை ஒழுங்காக முடித்தான். திரையின் வலது மேல் மூலையில், கட்சிக்காரர்கள் யாரும் வராத இடமாகப் பார்த்து நிறுத்தினான். அதற்குப் பிறகு வடிவு ஒவ்வொரு ஞாயிறும் வந்து, சோற்றுத் தூக்கை வைத்ததும் தானே இரண்டு தட்டு தட்டுவாள். பெயர் வந்து நிற்கும். சிவப்பாக, சாய்வாக. ஒரு நிமிடம் பார்ப்பாள். பிறகு மூடிவிட்டுச் சாதம் போடுவாள்.

தொண்ணூற்றெட்டு ஆவணியில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. நாட்டு மருந்து ஒரு வாரம், பெரிய ஆஸ்பத்திரி நாலு நாள். அங்கே ஏதோ ஒரு காகிதத்தில் அவள் சம்மதம் வேண்டும் என்று நர்ஸ் கொண்டுவந்து நீட்டினாள், பேனாவோடு. வடிவு பேனாவை வாங்கினாள். வேம்புலிக்கு ஆச்சரியம். காகிதத்தைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள், விரல்களை மாற்றி மாற்றிப் பிடித்தாள். பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“இங்க மவுஸ் இல்லியாம்மா?”

“எலியா? இங்க எலி எங்கம்மா வந்துச்சு?” என்று நர்ஸ் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

வடிவு வேம்புலியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அப்புறம் கட்டைவிரலை நீட்டினாள். நர்ஸ் மை தடவினாள். அந்த மையைத் தலைமுடியில் துடைக்கக் கையைத் தூக்க முடியவில்லை. வேம்புலிதான் அவன் சட்டையில் துடைத்துவிட்டான். மறுநாள் விடியற்காலையில் அவள் போய்விட்டாள்.

அவள் அண்ணன் துலுக்கானம் ஆக வேண்டியதைப் பார்த்துக்கொண்டான். போஸ்டருக்கு மட்டும், “வேற எவனும் தொட வேணாம், நானே போறேன்” என்று வேம்புலி கடைக்குக் கிளம்பினான். துலுக்கானமும் பெயர்ப் பட்டியலோடு கூடவே வந்தான். வேம்புலி உட்கார்ந்தான். ரெண்டு கிளிக். கண்ணீர் அஞ்சலி வந்து நின்றது. ஓட்டர் அடையாள அட்டையிலிருந்து எடுத்த படத்தை வைத்தான். தோற்றம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியவில்லை. அவள் எப்போது பிறந்தாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மறைவு மட்டும் போட்டான். பிறகு, பெயர் வர வேண்டிய இடத்தில், டைப் அடிக்காமல், வலது மேல் மூலையைத் தட்டித் திறந்து, அந்தச் சிவப்பு எழுத்தைக் கொண்டுவந்து வைத்தான்.

துலுக்கானம் திரைக்குப் பக்கத்தில் குனிந்தான்.

“இன்னா மச்சான் இது?”

“அவ எழுதுனது.”

“எவ?”

“வடிவு. அவளே எழுதுனது. இந்த மெஷின்ல.”

துலுக்கானம் நிமிர்ந்தான். தங்கச்சி எழுதினாள் என்பதை அவன் நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“மச்சான், நீ சொன்னா சரிதான். ஆனா ரோட்ல போறவனுக்கு அதெல்லாம் தெரியுமா? எய்த்து கோணகோணன்னு கீது. சாவு ஊட்டு போஸ்டர்ல சின்னப் புள்ள கிறுக்கின மாதிரி கீதுன்னு ஊரே சிரிக்கும். செத்தும் அவள ஏன் மச்சான் சிரிக்க வெக்கிறே?”

திருவேங்கடமும் நல்ல மனதோடுதான் சொன்னார். “ஆமா வேம்புலி. பிரிண்டிங் மிஸ்டேக்குன்னு நெனைப்பாங்க. கட பேரும் கீழ வருதில்ல?”

வேம்புலி யோசித்தான். அவன் யோசித்ததை வெளியில் சொன்னதில்லை. ஆனால் அவன் மனதில் ஓடியது இதுதான்: கேட்டில் தொங்கிய ஒரு நோட்டீசின் வரி நேராக இல்லை என்று அன்றிலிருந்து ஊர் பூராவும் சொல்லிச் சிரித்தவன் அவன்தான். ஊர் சிரிக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அந்தச் சிவப்பு எழுத்தை எடுத்துவிட்டு, ‘திருமதி வே. வடிவு’ என்று அழகான கொட்டை எழுத்தில் அடித்தான். வரி நூல் பிடித்த மாதிரி நின்றது. போஸ்டர் பதினோரு மணிக்கெல்லாம் அச்சகத்துக்குப் போய்விட்டது. அப்படி ஒரு சுத்தமான போஸ்டர் அந்த வருடம் பூந்தமல்லி சுவரில் ஏறவில்லை என்று பலரும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக வேம்புலி வலது மேல் மூலையைத் தட்டுவான். பார்ப்பான். மூடுவான். பிறகுதான் மற்ற சாவுகள்.

பிரிண்ட் எடுத்திருக்கலாமே? எடுத்திருக்கலாம். ஒவ்வொரு நாளும் எடுத்திருக்கலாம். “பேனாவுல கத்துகினப்புறம் எடு” என்று அவள் சொல்லியிருந்தாள். அதை மீறி எடுத்தால், அவள் இனிமேல் கற்றுக்கொள்ளப் போவதில்லை என்று இவனே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. இது அசட்டுத்தனம்தான். ஆனால் பெண்டாட்டி செத்தவனிடம் போய் அசடு என்று யார் சொல்வது?

தைப் பொங்கல் தாண்டியதும் மெஷின் தள்ளாட ஆரம்பித்தது. ரெண்டு தட்டு தட்டினால் வர வேண்டியது, தட்டிவிட்டு டீ வாங்கிவரப் போய்த் திரும்பினால்தான் வந்தது. துக்க வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று, “இன்னா ரெண்டு கிளிக்கு, பொணம் நாறிடும்போல கீதே” என்றார்கள். வேம்புலி அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். ஒரு நாள் காலையில் வலது மேல் மூலையைத் தட்டினான். மணல் கடிகாரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நாலு நிமிடம் கழித்து அவள் பெயர் மேலிருந்து கீழாக, துண்டு துண்டாக இறங்கியது. அன்றைக்கு அவனே திருவேங்கடத்திடம் போய் நின்றான்.

“மொதலாளி, ஜானகிராமன் சாரக் கூப்புடுங்க. மெஷினச் சுத்தம் பண்ணியே ஆவணும்.”

ஜானகிராமன் வந்து பார்த்தார். மொத்தமாக வழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினால்தான் சரிப்படும் என்றார். ஆவடியில் இன்னொரு மெஷின் காத்திருக்கிறது, மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்ப வருகிறேன், அதற்குள் வேண்டியதையெல்லாம் ஃப்ளாப்பியில் எடுத்து வை என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

வேம்புலி ஒரு பெட்டி ஃப்ளாப்பி வாங்கிவந்தான். பத்து. முதல் ஃப்ளாப்பியைச் செருகி, முதலில் வலது மேல் மூலையில் இருந்ததைத்தான் இழுத்துப் போட்டான். போயிற்று. பிறகு அண்ணன்மார்கள், தலைவர்கள், காது குத்துகள், இறந்தவர்கள், ஒவ்வொருவராக இழுத்து இழுத்துப் போட்டான். நூற்று நாற்பத்து மூன்று பேரும் அந்த ஒரே ஃப்ளாப்பியில் ஏறிவிட்டார்கள். இன்னும் இடம் மீதி இருந்தது.

“மொதலாளி, பாத்தீங்களா? பூந்தமல்லியே ஒரு ஃப்ளாப்பில அடங்கிடுச்சு!”

“பலே. மீதி ஒம்பதத் திருப்பிக் குடுத்துரு.”

வேம்புலி அவசரக்காரன் அல்ல. ஸ்டோர்ஸில் சீட்டு எழுதியவன், சரிபார்க்காமல் எதையும் விடமாட்டான். ஃப்ளாப்பியை வெளியே எடுத்தான். மறுபடி செருகினான். ஃப்ளாப்பிக்குள் போய் அவள் பெயரை இரண்டு தட்டு தட்டினான். நாலு நிமிடம். வந்தது. சாய்ந்த சொம்பு, பறந்த தொப்பி, ஓடிய வால், எல்லாம் இருந்தன. ஃப்ளாப்பியை எடுத்து, அதன் மேல் ஒட்டும் சீட்டில் ‘வ’ என்று எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மூன்று மணிக்கு ஜானகிராமன் வந்தார்.

“எல்லாம் எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு சார்.”

“தொறந்து பாத்தியா?”

“தொறந்து பாத்துட்டேன் சார்.”

இதற்கு மேல் ஒரு மனிதர் என்ன கேட்பார்? அவர் வேலையைத் தொடங்கினார். மறுநாள் மத்தியானம் மெஷின் புதுசாக எழுந்து நின்றது. திரை முழுவதும் ஒரே நீலம், ஓரத்தில் நாலே நாலு படங்கள். இரண்டாவது தட்டுக்கே காத்திருந்தது போல எல்லாம் குதித்துத் திறந்தன. திருவேங்கடம் ஃபேனைக் குறைத்தார். அது அவர் பாராட்டு.

வேம்புலி சட்டைப் பையிலிருந்து ஃப்ளாப்பியை எடுத்துச் செருகினான். அவள் பெயரை இரண்டு தட்டு தட்டினான்.

ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதில் ஒரு டார்ச் லைட் இப்படியும் அப்படியும் அலைந்தது. எதையோ தேடுகிற மாதிரி.

“சார், இன்னா சார் டார்ச் அடிக்குது?”

ஜானகிராமன் வந்து குனிந்தார். ஃப்ளாப்பிக்குள் இருந்த வரிசையைப் பார்த்தார். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் குட்டி அம்புக்குறி. அவர் முகம் மாறியது.

“யோவ் வேம்புலி... நீ எடுத்ததெல்லாம் ஷார்ட்கட்டுய்யா.”

“ஆமா சார். நீங்க போட்டுக் குடுத்ததுதான்.”

“அது வெறும் விலாசம்யா. விலாசம் எழுதின சீட்டு. ஆளு உள்ள இருந்தான். நீ சீட்ட மட்டும் எடுத்துகினு வந்துட்டே.”

“தொறந்து பாத்தேனே சார். வந்துச்சே.”

“அப்ப ஊடு இருந்துச்சு. சீட்டப் பாத்துட்டு ஊட்டுக்குப் போயிக் கூட்டியாந்துச்சு. இப்ப ஊடு இல்ல.”

டார்ச் நின்றது. பெட்டியில் வேறு ஆங்கில வரிகள் வந்தன. ஜானகிராமன் அதை மூடப் போனார். வேம்புலி அவர் கையைப் பிடித்தான்.

“இன்னா சார் சொல்லுது?”

“ஒண்ணுமில்ல. நீ கேக்கறது இல்லியாம். அளவு, தேதியெல்லாம் பாத்து, அதுக்கு ரொம்பக் கிட்டத்துல இருக்கறது இதுதானாம். ஏதோ முக்கோணம் முக்கோணமா ஒரு படம், மெஷினோடயே வர்றது. இனிமே இந்த சீட்டு அந்தப் படத்தக் காட்டட்டுமான்னு கேக்குது.”

வேம்புலி மவுஸை வாங்கி, ‘நோ’ என்பதைத் தட்டினான். மறுபடி அவள் பெயரைத் தட்டினான். மறுபடி டார்ச். மறுபடி முக்கோணம். ‘நோ’. நாலாவது தடவை ஜானகிராமன் மெதுவாக ஃப்ளாப்பியை வெளியே எடுத்தார்.

“உள்ள எதுனா மிச்சம் இருக்குமா சார்? ஒரே ஒரு படம். மத்தது போனாப் போவுது.”

“மேல எல்லாம் புதுசா எழுதியாச்சுப்பா.” ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். “நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். அந்த அம்பு இன்னான்னு.”

“நான் கேட்டிருக்கணும் சார்” என்றான் வேம்புலி.

கட்சிக்காரர்கள் ஒரு வாரம் கத்தினார்கள். அண்ணன்மார்களை எல்லாம் வேம்புலி மறுபடி அடித்து, படம் ஒட்டி, வெளியே நிறுத்தினான். திருவேங்கடம் இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் அவருக்கே யாரோ சொல்லி விஷயம் தெரிந்திருக்க வேண்டும், மத்தியானம் டீயோடு ஒரு பொறை ரொட்டியும் வாங்கிவந்து வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடையில் யாரும் இல்லை. வேம்புலி படம் போடும் பக்கத்தைத் திறந்தான். சிவப்பைத் தேர்ந்தெடுத்தான். மவுஸைப் பிடித்து ‘வ’ எழுதினான். லட்சணமாக வந்தது. அழித்தான். மறுபடி, வேண்டுமென்றே சாய்த்து எழுதினான். அழகாகச் சாய்ந்து வந்தது. இத்தனை வருடம் எழுத்தோடு புழங்கிய கை. எழுதத் தெரியாதவள் எழுதுவது போல எழுத அதற்குத் தெரியவில்லை. உள்ளங்கை முழுவதையும் கவிழ்த்து, முழங்கையோடு சுழற்றிப் பார்த்தான். இடது கையால் எழுதினான். அது இடது கையால் எழுதிய எழுத்தாக வந்தது. அவள் எழுத்தாக வரவில்லை. பிறகு ‘டி’யிடம் வந்தபோது கை நின்றுவிட்டது. அந்தத் தொப்பி எந்தப் பக்கம் பறந்து நின்றது? வலப்பக்கமா, இடப்பக்கமா? இரண்டு வருடம் பார்த்திருக்கிறான். கண்ணை மூடிப் பார்த்தான். சிவப்பு தெரிந்தது. சிரிப்பு கேட்டது. பக்கம் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தானோ, திருவேங்கடம் தூங்கி எழுந்து கடைக்குள் வந்துவிட்டார். திரையைப் பார்த்தார். பாதி எழுத்து, அழித்த தடம், பாதி எழுத்து. இந்தத் தடவை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை.

“இன்னா பண்றே வேம்புலி?”

“ஒண்ணுமில்ல மொதலாளி. மவுஸ் சரியா கீதான்னு பாக்குறேன்.”

“சரியா கீதா?”

“கீது மொதலாளி. நல்லாவே கீது.”